முக்கால் சிசி கூடுதல்

1972 ஆகஸ்ட் 14: பழைய ஜாவா மோட்டார் சைக்கிள், ரூ. 1,150
1974 ஜனவரி 19: சிலிண்டர் போர், பிஸ்டன், ரிங், ரூ. 96
1974 ஜனவரி 25: பந்தய நுழைவுக் கட்டணம், ரூ. 30
1974 பிப்ரவரி 3: பரிசு, இல்லை
1974 பிப்ரவரி 11: அஞ்சலட்டை, 10 பைசா

இது பென்னலூர் எல்லப்பனின் வரவு செலவு. கடைசியில் உள்ள பத்துப் பைசாதான் அவருக்கு அதிக நஷ்டம் உண்டாக்கியது.

எல்லப்பன் 1945-இல் பிறந்தார். ஏரிப்பாசன நிலம் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த குடும்பம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் யாக்கோபு நடத்திய பட்டறையில் சேர்ந்தார். பம்ப்செட், லாரி, மோட்டார் சைக்கிள் என்று எது வந்தாலும் அங்கே பார்ப்பார்கள். பெங்களூர் சாலையில் பட்டறை ஒரு பக்கம், நான் போஸ்ட்மாஸ்டராக இருந்த அஞ்சலகம் எதிர்ப்பக்கம். ஆங்கிலப் படிவம் எது வந்தாலும் என்னிடம் எடுத்து வருவார்கள். இந்த விஷயம் எனக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் அந்தக் காலத்தில் வருடம் ஒருமுறை மோட்டார் பந்தயம் நடக்கும். எல்லப்பன் 1973-இல் முதல் தடவையாக, 250 சிசி வரையிலான வண்டிகளின் வகுப்பில் ஓட்டினார். அதை லைட்வெயிட் என்பார்கள். அதற்கு மேல் 350 வரை மிடில்வெயிட். எல்லப்பன் ஐந்தாவதாக வந்தார். முன்னால் வந்த நால்வரின் வண்டிகளும் பந்தயத்துக்கென்றே தயார் செய்தவை. எல்லப்பன் வந்தது அவர் தினம் வேலைக்கு ஓட்டிப்போகும் வண்டியில்.

இதைக் கவனித்தவர் நரசிம்மன். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். சொந்தச் செலவில் இரண்டு 250 பந்தய வண்டிகளும் வைத்திருந்தார். அவர் பட்டறைக்கே வந்து, "அடுத்த வருஷம் இதே வகுப்புல முதல் மூணுக்குள்ள வாப்பா. அப்புறம் என் வண்டியை நீ ஓட்டு. டயர், பெட்ரோல் எல்லாம் என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எல்லப்பனுக்கு வேறு நினைப்பில்லை. நல்ல வண்டி கொடுத்தால் தான் எவ்வளவு வேகம் போவோம் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கூலிக்காரன் ஒருவன் அதைத் தெரிந்துகொள்ள நரசிம்மனைத் தவிர வழியில்லை.

1974 பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பென்னலூர் அருகே விடியற்காலையில் ஓட்டிப் பார்க்கையில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. சிலிண்டரின் உட்சுவரில் நகத்தால் கீறியதுபோல நாலைந்து கோடு. யாக்கோபு யோசிக்கவே இல்லை. சுவரைக் கொஞ்சம் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டுக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் எல்லா எஞ்சினுக்கும் அதுதான் வைத்தியம். அதற்குப் போர் போடுவது என்று பெயர். தண்ணீருக்காகப் பூமியில் துளை போடுவதற்கும் அதே பெயர்தான்.

ஐந்து நாள் கழித்து இருவரும் நுழைவுப் படிவத்தோடு அஞ்சலகத்துக்கு வந்தார்கள். சிலிண்டரின் குறுக்களவு என்ன, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் என்ன என்று ஒரு கட்டத்தில் கேட்டிருந்தது. யாக்கோபு சொன்னார், நான் எழுதினேன். 65.25 மில்லிமீட்டர், 75 மில்லிமீட்டர். எழுதிய கையோடு பெருக்கிப் பார்த்தேன். என் வழக்கம் அது. 250.79 சிசி வந்தது. பழைய 65-ஐப் போட்டுப் பார்த்தால் 248.87.

"அப்போ வண்டி 250 இல்லையா?" என்றார் எல்லப்பன்.

"இல்லை. முக்கால் சிசி கூட இருக்கு."

"முக்கால் சிசின்னா எத்தினி சார் இருக்கும்?"

எனக்கும் அது தெரியவில்லை. மாட்டாஸ்பத்திரியிலிருந்து ஊசி போடும் சிரிஞ்சு ஒன்று வாங்கி வந்து, முக்கால் அளவுக்குத் தண்ணீர் எடுத்து எல்லப்பனின் உள்ளங்கையில் விட்டோம். ரேகைக் குழியில் நின்றது. கையைச் சாய்த்தபோது விரல் நுனி வரைகூட ஓடவில்லை.

"இந்தத் தண்ணிக்கா?" என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுச் சிலிண்டருக்கு எழுதிப்போட்டால் வர இரண்டு மாதம். உள்ளே குழாய் இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். அந்த வேலை தெரிந்த சென்னைப் பட்டறையில் பந்தயம் முடிகிற வரை வரிசை நின்றது. மிச்சம் இருந்தது இரண்டு வழி. படிவத்தில் 65 என்றே எழுதி 250-இல் ஓடலாம். அல்லது உள்ளதை எழுதி 350-இல் ஓடலாம். அங்கே எல்லாம் பெரிய எஞ்சின்கள். முதல் மூன்று என்பது நடக்காது, நரசிம்மன் பார்க்கப்போவதும் 250-ஐத்தான்.

யாக்கோபு 65 என்று எழுதச் சொன்னார். "எல்லா வண்டியையுமா தொறந்து பாக்கறான்? மொத மூணு வண்டியத்தான் பிரிச்சு அளப்பான்."

"மூணுக்குள்ள வந்தாத்தானே அண்ணே அந்த ஆளு சேத்துக்குவாரு?"

"அப்போ மூணுக்குள்ள வா."

"வந்தா தொறந்துடுவானே."

யாக்கோபு படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அப்போ நாலாவது வாடா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லப்பன் சிரிக்கவில்லை. பொய் எழுதினால், தோற்றால்தான் தப்பலாம். ஜெயித்தால் பெயரை அடித்துவிடுவார்கள், அதுவும் நரசிம்மன் எதிரிலேயே. அதை அவர் மனதுக்குள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் காலை கொண்டுவந்தார். மனைவி கனகத்திடம் கேட்டாராம். "பயந்துகினே ஓட்றதுக்கு முப்பது ரூவா எதுக்கு மாமா கட்ற? அந்தத் துட்டுல எனக்கு ஒரு சீல வாங்கியா" என்றாளாம்.

"350-ன்னு எழுதுங்க சார்" என்றார் எல்லப்பன்.

பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை. 350 வகுப்பில் பதினொரு வண்டிகள். எல்லப்பன் ஏழாவதாக வந்தார். பிறகு ஒரு ஆவலில் நேரக் குறிப்பாளரின் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டு பந்தயங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லப்பன் 250-இல் ஓடியிருந்தால் மூன்றாவதாக வந்திருப்பார். எஞ்சினைத் திறந்திருப்பார்கள். இடையில் காற்று மாறியிருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நரசிம்மன் இதைப் பார்க்கவில்லை. 250 பந்தயம் முடிந்ததும் வண்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடுவது அவர் வழக்கம். ஆனாலும் நல்ல மனிதர். அந்த வாரமே, ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு கார்டு போட்டிருந்தார். எல்லப்பன் பதில் எழுதினார். நான் படிவம்தான் எழுதுவேன்; தமிழ்க் கார்டு அவரே எழுதிக்கொள்வார். "ஐயா, போர் போட்டுவிட்டபடியால் 250-க்கு வர முடியவில்லை. மன்னிக்கவும்." அவ்வளவுதான். 350-இல் ஓடியதைச் சொல்லவில்லை. அங்கே ஏழாவது வந்ததைச் சொல்லிக்கொள்ள வெட்கம்.

பதில் வரவில்லை. தன்மேல் கோபம் என்று எல்லப்பன் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பின் நான்கு வருடமும் 350-இல்தான் ஓடினார். அளவைத் தாண்டிவிட்ட பிறகு காப்பாற்ற எதுவுமில்லை என்று, தேயத் தேய அடுத்த அளவுக்குப் போர் போட்டுக்கொண்டே போனார்கள். 252.7. பிறகு 254.6. பிறகு 256.6. "வருசா வருசம் வண்டியும் பெருக்குது, வூடும் பெருக்குது" என்பாள் கனகம். அதற்குள் மூன்று குழந்தைகள். வண்டி பெருத்தது ஏழு எட்டு சிசிதான். ஆனால் 1978-இல் எல்லப்பன் நான்காவதாக வந்தார். சோழவரத்தில் நரசிம்மனின் வேன் நின்ற பக்கம் மட்டும் அவர் போவதே இல்லை.

அந்த வருடம் ஜூன் மாதம், காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த கார் ஒன்று ரேடியேட்டர் கொதித்து யாக்கோபு பட்டறை வாசலில் நின்றது. பட்டு வேட்டியோடு இறங்கியவர் நரசிம்மன். நான் தபால் பையை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அங்கே நின்றிருந்தேன்.

எல்லப்பனைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "என்னப்பா, நீ இன்னும் இங்கதான் இருக்கியா? போர்ல தண்ணி வந்துதா?"

"இன்னா தண்ணி சார்?"

"கிணத்துலப்பா. போர் போட்டேன், வர முடியலைன்னு கார்டு போட்டியே. எங்க மேனேஜர் ரகுபதி படிச்சுச் சொன்னான். பாவம், பயிர் காயறப்போ பந்தயம் எங்க வரும்னு நானும் விட்டுட்டேன்."

கார்டு போன 1974-இல் ஏரிகள் வறண்டு ஊரெல்லாம் போர் போட்டுக்கொண்டிருந்தது உண்மை. ரகுபதியின் அண்ணனும் அதே மாதம்தான் போட்டிருந்தாராம்.

யாக்கோபு ரேடியேட்டர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், அது பூமியில போட்ட போர் இல்ல. வண்டியில போட்டது" என்றார்.

நரசிம்மன் இருபது வருடமாகப் பிஸ்டனும் ரிங்கும் விற்பவர். அவருக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. "எத்தனை வந்துது?" என்று மட்டும் கேட்டார்.

"முக்கால் சிசி தாண்டிப்போச்சு சார்" என்றார் யாக்கோபு.

"யார் கண்டுபிடிச்சது?"

"நாங்கதான். படிவம் எழுதும்போது. அதான் அந்த வருசம் 350-ல ஓடினான்."

"அதுக்கா 350-க்குப் போனே?"

எல்லப்பன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நரசிம்மன் காரில் ஏறும்போது, தன் வண்டிகளுக்கு இப்போது வேறு ஆட்கள் இருப்பதாகவும், பார்த்து எழுதுவதாகவும் சொன்னார்.

"எயுதுவார்ன்றியா?" என்றார் யாக்கோபு.

"கார்டுதான் நம்மள கெடுத்துது. எயுதாம இருந்தாலே போதும் அண்ணே" என்றார் எல்லப்பன். ஆனால் அன்றிலிருந்து தபால் பை வரும் நேரத்துக்கு அவருக்கு ஏதாவது ஒரு வேலை அஞ்சலகப் பக்கம் வந்துவிடும்.

ஜூலை கடைசியில் ஒரு கடிதம் வந்தது. 250 வண்டி ஓட்டும் பையன் வெளியூர் போவதாகவும், தான் புதிதாக ஒரு 350 வாங்கப்போவதாகவும் நரசிம்மன் எழுதியிருந்தார். உன்னை ஒரு வண்டிக்குத்தான் வைக்க முடியும்; லைட்வெயிட்டா மிடில்வெயிட்டா, எதற்கு உன்னை வைத்துக்கொள்வது என்று நீயே எழுது, நான் யோசித்துச் சொல்கிறேன்.

யாக்கோபு 250 என்று எழுதச் சொன்னார். அந்த வண்டி தயாராக இருக்கிறது, 350 இன்னும் கடையில் இருக்கிறது. எல்லப்பன் இந்த முறை யாரிடமும் கேட்காமல் 350 என்று முடிவு செய்துவிட்டார். ஏன் 350 என்று நான்தான் கேட்டேன்.

"250-ல ஓட்டினப்போ முன்னாடி போறவன் எத்தினி பேருன்னு எண்ணிகினே ஓட்டினேன் சார். 350-ல ஜெயிக்க மாட்டேன்னு தெரியும். அதனால எண்ணல. வண்டிய மட்டும் பாத்தேன். அங்கதான் நல்லா ஓட்டறேன்."

இந்தத் தடவை கார்டில் எழுதவில்லை. இன்லண்டு கடிதத்தில் முழுப் பக்கம் எழுதினார். போர் என்ற சொல்லே அதில் இல்லை. ஆகஸ்ட் முழுவதும் பதில் இல்லை. 350-க்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள் என்றும், அந்த வண்டியே வாங்கவில்லை என்றும் லாரிக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

பிறகு, வண்டி வந்துவிட்டது, ஞாயிறு காலை ஹெல்மெட்டோடு வா என்று இரண்டே வரியில் பதில் வந்தது. கனகம் அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல போர்னு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள். கடிதம் வந்த நாள், 1978 செப்டம்பர் 6, புதன்கிழமை.