என் மகளின் காலைக் கட்டமாட்டேன்

மூன்று மாத மகளுக்கு இடுப்பு ஸ்கேன் எடுத்துவிட்டு, இன்று வேங்கிக்கால் டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

என் வயிற்றில் தலை கீழே திரும்பாமலே இருந்தவள், இடுப்பு எலும்பு விலகியிருக்கலாம் என்பதால் டாக்டர் எடுக்கச் சொல்லியிருந்தார். தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறது, குழியும் வயதுக்கேற்றபடி வளர்ந்திருக்கிறது என்றார்கள். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

மடியில் தவளை மாதிரி காலை அகட்டிக்கொண்டு தூங்கினாள். பக்கத்து சீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, பொட்டப் புள்ள இப்படி அகட்டினு கெடக்குது? கால் வளைஞ்சிடும், நீட்டி இறுக்கிக் கட்டு."

சொன்னதோடு நிற்கவில்லை. என் தோளில் கிடந்த துண்டை உருவி, இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றவே ஆரம்பித்துவிட்டார்.

நான் துண்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இறுக்கிக் கட்டினாதாங்க எலும்பு குழியவுட்டு நழுவும். டாக்டர் கட்டவே கூடாதுன்னுட்டாரு."

"நாலு பெத்தவ சொல்றேன், கேக்க மாட்டியா?"

"கேக்க மாட்டேங்க."

"அப்ப பொண்ணுக்கு அடக்கம் எப்படி வரும்?"

ஓ, விஷயம் கால் வளைவது இல்லையா!

மகள் இன்னும் கொஞ்சம் அகட்டிக்கொண்டாள். துண்டைப் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்துவிட்டேன்.

என் மகளுக்கு மூன்றாம் மாதமே அடக்க வகுப்பு தொடங்கிவிட்டது, நாங்கள் சேரவில்லை. உங்களை எத்தனையாவது மாதத்தில் சேர்த்தார்கள்?