பதின்மூன்றாவது கிலோமீட்டர் கல்

ஜுபைருக்கு நாற்பத்து மூன்று வயது. செஞ்சியில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தத்தில் சர்க்கரை கூடி, டாக்டர் நடக்கச் சொன்னார். ராஜகிரி அடிவாரத்தில் காலையில் நடக்கப் போன இடத்தில்தான் மருந்துக் கடை தனசேகரனும், கணக்கு வாத்தியார் எழிலரசனும் பழக்கமானார்கள். நடை மெல்ல ஓட்டமாயிற்று. புதுச்சேரியில் ஜனவரியில் நடக்கும் மாரத்தானுக்கு மூவரும் பெயர் கொடுத்தார்கள்.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்றால் சும்மாவா? எழிலரசன் ஒரு தாளில் திட்டம் எழுதினார். ஞாயிறுதோறும் இரண்டு கிலோமீட்டர் கூட வேண்டும். நாலாவது வாரம் குறைத்து ஓட வேண்டும். ஜுபைர் அதைக் கடைச் சுவரில் ஒட்டி, ஓடிய தூரத்தை மட்டும் அடித்துக்கொண்டே வந்தார். தனசேகரனுக்குத்தான் பொறுமை இல்லை.

இருபத்தாறு கிலோமீட்டர் ஓட வேண்டிய ஞாயிறு அமாவாசையில் வந்தது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் சாலையில் விடியும் முன்பே டிராக்டரும் சிறப்புப் பேருந்துமாக நெரிசல். நடந்து போய்க்கொண்டிருந்த மஞ்சள் புடவைக்காரம்மா ஒருத்தி, வியர்த்து ஓடும் மூவரையும் பார்த்துக் கேட்டாள்.

"இன்னா வேண்டுதல் தம்பி, ஓடியே போறீங்க?"

"சக்கரை கொறையணும்மா," என்றார் ஜுபைர்.

"உனக்கும் சேத்து ஆத்தாகிட்ட சொல்றேன், போ."

பதின்மூன்றாவது கிலோமீட்டர் கல்லைத் தொட்டதும் திரும்ப வேண்டும். தனசேகரன் நிற்கவில்லை.

"வந்தது வந்துட்டோம். கோயில் வரைக்கும் போய்ட்டு வந்துருவோம் பாய். காலு நல்லாத்தான் இருக்குது."

"வேணாம் சேகரு. போர் போட்டு புதுசாக்குன இன்ஜின எடுத்ததும் வெரட்டுனா இன்னா ஆவும்? பிஸ்டன் புடிச்சிக்கும்."

"நான் இன்னா வண்டியா? நீ பயந்தாங்கொள்ளி, திரும்பிப் போ."

அவர் கூட்டத்துக்குள் போய்விட்டார். மற்ற இருவரும் திரும்பினார்கள். வழியெல்லாம் ஜுபைருக்குப் பயந்தாங்கொள்ளி என்ற சொல்தான் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

போகும்போதும் வரும்போதும் தனசேகரன் முழுதாக ஓடிவிட்டார். மறுநாள் அவரால் வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை போல விரிசல் என்று எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. ஆறு வாரம் ஓய்வு. ஜுபைர் பார்க்கப் போனபோது, 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. தான் சொன்னது பலித்ததில் அவருக்குச் சந்தோஷமும் வரவில்லை.

முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிய ஞாயிறன்று தன் தம்பி ஓட்டிய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தார் தனசேகரன், மடியில் தண்ணீர் பாட்டில்களோடு. அன்று பேசியதெல்லாம் மூச்சிரைப்பையும் கால்வலியையும் பற்றித்தான்.

மாரத்தான் அன்று எழிலரசன் முன்னால் போய்விட்டார். முப்பத்து நாலாவது கிலோமீட்டரில் ஜுபைரின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாலையோரம் உட்கார்ந்து நீவிவிட்டார். ஒரு தன்னார்வலர் வண்டியில் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். "நடக்கிறேன்" என்று எழுந்தார். கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம் என்று ஐந்து மணி நேரம் ஐம்பது நிமிஷத்தில் முடித்தார். யாரோ கழுத்தில் பதக்கம் போட்டார்கள். அவருக்கு அப்போது வேண்டியிருந்தது நிழல் மட்டும்தான்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை குறைந்திருந்தது. மாத்திரை பாதியானது, நிற்கவில்லை.

பிப்ரவரியில் தனசேகரனுக்கு ஓட அனுமதி கிடைத்தது, ஒரு கிலோமீட்டர் மட்டும். ஜுபைர் அவரோடு மெதுவாக ஓடினார்.

"இன்னொரு ரவுண்டு போலாமா பாய்?"

"சாயா குடிக்கப் போலாம்," என்றார் ஜுபைர்.