கனிவு சாரின் இரண்டு குரல்கள்

பஸ் நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. டிரைவர்கள், கண்டக்டர்கள், கழிப்பறை வாசலில் சில்லறை வாங்கும் அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவர் கனிவு சார்தான். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று இருபத்தாறு வருஷமாக, நாளைக்கு நூறு தடவை சொல்லும் ஆளுக்கு வேறென்ன பெயர் ஒட்டும்? உண்மையில் மனுஷனிடம் பெரிய கனிவெல்லாம் கிடையாது. பேசினால் பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே போய்விடும். மீதியை முகத்தைப் பார்த்துத்தான் யூகிக்க வேண்டும். ஆனால் மூன்றாவது நடைமேடைக்கு மேலே இருக்கும் கண்ணாடி அறையில் மைக் பொத்தானை அழுத்திவிட்டால் போதும், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி குரல் விறைப்பாக வெளியே வரும்.

மதியம் இரண்டரைக்கு மேல் அரை மணி நேரம் வண்டிகள் குறைவு. அந்த அரை மணி அக்காவுக்கு. அக்கா அவரைவிடப் பதினொரு வயது மூத்தவள். அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவருக்குத் தலை சீவி, மூக்கைச் சிந்திவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தரதரவென்று இழுத்துப் போனவள். இப்போது கடல் தாண்டி மகள் வீட்டில் இருக்கிறாள். இங்கே மதியமென்றால் அங்கே காலை.

“என்னடா வாலு, என்ன சேதி?” என்றுதான் போனில் அக்கா ஆரம்பிப்பாள். சேதி என்றால் உலகச் சேதி இல்லை. நாலாவது நடைமேடைக் கடிகாரம் மறுபடியும் நின்றது, மாடி வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாக லைசென்ஸ் டெஸ்ட்டில் கோட்டை விட்டது, இதெல்லாம்தான். அதன் பிறகு ஒரு தடித்த நாவலிலிருந்து இரண்டு பக்கம் வாசிப்பார். அதில் வரும் வக்கீலை அக்காவுக்கு முதல் அத்தியாயத்திலிருந்தே பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இரு வீட்டிலும் ஒரே சமயத்தில் ஓட விடுவார்கள். ஆனாலும் போனில் அவர் வீட்டுச் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் கேட்கும். “ஒரே ஜோக்குக்கு ரெண்டு தடவ சிரிச்சேன்டா” என்பாள் அக்கா. ஒரு படத்தில் வில்லனின் ஒட்டு மீசை சண்டைக்கு நடுவில் ஒரு பக்கம் கழன்று தொங்கும். அதற்காகவே அந்தப் படத்தை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்ப்பார்கள்.

போன வருஷம் அக்காவுக்கு ஞாபகம் பிசக ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு கிழமை. அப்புறம் போனில் அவர் முனகுவது பிடிபடாமல் போயிற்று. “யாரு? என்ன சொல்றீங்க?” என்று அக்கா ஒருநாள் அவரையே மரியாதையாகக் கேட்டாள்.

அக்கா மகள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். “மாமா, நீங்க வாய்க்குள்ளயே பேசறது அம்மாவுக்குப் புரியல. மைக்ல பேசுவீங்களே, அப்படிப் பேசிப் பாருங்களேன்.”

சொந்த அக்காவிடம் மைக் குரலா என்று கூச்சமாக இருந்தது. இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்: “வணக்கம். நான்காவது நடைமேடைக் கடிகாரம் இன்று பழுது பார்க்கப்பட்டது.” அக்கா கலகலவென்று சிரித்தாள். எல்லாம் புரிந்தது. வக்கீலைப் பழையபடி திட்டினாள். கனிவு சாருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் நேர அட்டவணைத் தாளின் பின்பக்கம் செய்திகளை எழுதி வைத்துக்கொண்டு வரிசையாக வாசித்தார். அந்தப் பக்கம் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்துவிடுவாள் அக்கா மகள். நான்கு மாதம் ஜோராக ஓடியது.

ஒருநாள் செய்திக்கு நடுவில் அக்கா சொன்னாள்: “அந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்தேன்டி. வாலு போன் பண்ற நேரம்.”

“அக்கா, நான்தான்க்கா” என்றார், சொந்தக் குரலில். “யாரோ என்னமோ முனகறாங்க, ராங் நம்பர் போல” என்றாள் அக்கா. உடனே மைக் குரலுக்குத் தாவினார்: “உங்கள் தம்பி பேசுகிறேன்.” அக்கா ரசித்துக் கேட்டாள். “பாருடி, ரேடியோக்காரருக்கும் ஒரு அக்கா இருக்காங்க.” மீசைக் கதையைச் சொல்லிப் பார்த்தார். “எங்க வாலுவும் இதையேதான் சொல்வான்” என்று அவள் குரல் குழைந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், கையாலாகாமல்.

முனகலுக்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு குரலைப் பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். கண்ணாடி அறையில் தனியாக உட்கார்ந்து பழகினார். ஒருநாள் பொத்தானை அணைக்க மறந்துவிட்டார். “அக்கா, நான்தான் அக்கா, என்னைத் தெரியலையா?” என்று பஸ் நிலையம் முழுக்க அலறியது. பெட்டியும் கையுமாகப் போன பெண்கள் நாலைந்து பேர் திடுக்கிட்டு நின்றார்கள். ஒரு கண்டக்டர் படியேறி வந்து, “சார், இது எந்த வண்டிக்கு?” என்று கேட்டார். கனிவு சார் அவசரமாகப் பொத்தானை அணைத்தார்.

நேரில் போய் நிற்கலாம்தான். விசாவுக்கு இரண்டு தடவை மனு போட்டார். இரண்டு தடவையும் ஒரே பதில்: திரும்பி வருவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. இருபத்தாறு வருஷமாக அந்தக் கண்ணாடி அறையைவிட்டு நகராத ஆள் திரும்பி வரமாட்டாராம்! அந்தக் கடிதத்தைக் கிழிக்கக்கூடக் கை வராமல் மேஜை டிராயரில் வைத்திருக்கிறார்.

நேற்று போனை எடுத்த அக்கா மகளின் குரலே சரியில்லை. “மாமா, அம்மா ராத்திரியிலேருந்து சாப்பிடல. தட்டைத் தள்ளி விடறாங்க. வாலு பத்து நாளா போன் பண்ணல, அவனுக்கு என்ன ஆச்சோன்னு ஒரே அழுகை. நீங்க தினமும் பேசறீங்கன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. ஏதாவது பண்ணுங்க மாமா.”

பின்னால் அக்கா விசும்புவது கேட்டது. என்ன பண்ணுவார்? கையிலிருந்த நாவலில் அடையாளத்துக்கு விரலை வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்.

“கனிவான கவனத்திற்கு. வாலுவின் அக்கா அவர்களுக்கு ஓர் அறிவிப்பு. உங்கள் தம்பி நலமாக இருக்கிறார். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். அவருடைய அழைப்பு காலதாமதமாக வரும்.”

இதற்கு அடுத்து ஒரு வரி உண்டு. ஆயிரக்கணக்கான தடவை, மனசே படாமல் சொன்ன வரி. நேற்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

“தாமதத்திற்கு வருந்துகிறோம்.”

விசும்பல் நின்றது.

“எவ்வளவு லேட்டாகுமாம்?” என்றாள் அக்கா. “கேட்டுச் சொல்லச் சொல்லுடி.”

படியேறி வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று தினமும் யாராவது கேட்கிற கேள்விதான். கால் மணி, அரை மணி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவார். இப்போது நேர அட்டவணையை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். கீழே அறிவிப்புக்குக் காத்திருந்த வண்டி ஹாரன் அடித்தது.

அந்தப் பக்கம் தட்டில் ஸ்பூன் படும் சத்தம் கேட்டது. அக்கா சாப்பிடத் தொடங்கியிருந்தாள்.

“சரி, மெதுவா வரட்டும்” என்றாள், வாயில் சாப்பாட்டோடு. “அவன் வர்ற வரைக்கும் அந்த வக்கீல் கதையைப் படிக்கச் சொல்லு.”

கனிவு சார் விரல் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து, ஒரு வார்த்தையும் விழுங்காமல் வாசிக்க ஆரம்பித்தார்.