கோர்வைக்கு ஒரு ஆள்

போன புதன்கிழமை மத்தியானம் ஒரு பியானோவின் தலையெழுத்து என் பத்து விரல்களில் இருந்தது. ஒழுங்காக வாசித்தால் அது சென்னைக்குப் போகும். சொதப்பினால் மறுநாள் காலை பழைய மரச்சாமான் வாங்குகிறவர் வந்து பலகை பலகையாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போவார்.

பயமாக இருந்ததா? பொய் சொல்வானேன்... இல்லை. பியானோவைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததே கிடையாது. இருபது வருடமாக இந்த ஊர்க் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுடைய அம்மாக்களைப் பார்த்தால் கொஞ்சம் பயம் வரும், அவ்வளவுதான்.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சமீபத்திய கிறுக்கு தெரிந்திருக்கும். காஞ்சிபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கெங்கே பியானோ இருக்கிறதோ, அங்கெல்லாம் மைக்கைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவேன். முன்கூட்டி எதையும் யோசித்து வைப்பதில்லை. அந்தப் பியானோவில் அந்த நேரத்தில் கைக்கு என்ன வருகிறதோ அதுதான் பாட்டு. கச்சேரிக்காரர்கள் இதை மனோதர்மம் என்பார்கள். என் மகன் "அம்மா ஜாமிங் போயிருக்காங்க" என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பான். எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் இரண்டு — ஒத்திகை கிடையாது, இரண்டாவது டேக் கிடையாது.

"காஞ்சிபுரத்துல பியானோவா?" என்று கேட்கிறவர்கள் புடவை எடுத்துக்கொண்டு, கோயில் பார்த்துவிட்டு, சாயங்காலமே திரும்பிப் போகிறவர்கள். இங்கே என்னதான் இல்லை? ஒரு பெரிய ஜவுளிக்கடையின் முதல் மாடியில் வெள்ளை வெளேரென்று ஒரு கிராண்ட் பியானோ நிற்கிறது. அதன் மேல் கல்யாணப் புடவையை விரித்து, முந்தானையை வலது பக்கக் கட்டைகள் மேல் தொங்கவிட்டிருக்கிறார்கள். "வாசிங்க மேடம், ஆனா முந்தானை மேல கை படாம வாசிங்க" என்றார் மேனேஜர். அன்றைக்கு நான் வாசித்தது முழுக்க இடது கைப் பாட்டு.

ஒரு தேவாலயத்தில் உள்ள பியானோவின் பெடலை மிதித்தால் கதவு திறப்பதுபோல் முனகும். முனகலையே தாளமாக வைத்துக்கொண்டு வாசித்தேன். இதுவரை வந்த பதிவுகளில் எனக்கு அதுதான் செல்லம். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி அரங்கில் இருப்பதோ அருமையான பியானோ. சுருதி பிசகாது, எந்தக் கட்டையும் தகராறு செய்யாது. தொட்டால் பூப்போல இறங்கும். அங்கே நான் வாசித்தது இருக்கிறதே, அதைப்போல் சப்பென்று வாழ்க்கையில் வாசித்ததில்லை.

ஏன் அப்படி? சொன்னபடி கேட்கிற பியானோவில் நாம் எப்போதும் வாசிப்பதையே வாசித்துவிடுகிறோம். மக்கர் பண்ணுகிற பியானோதான் "இந்தப் பக்கம் வராதே, வேறு வழி பார்" என்று விரட்டும். அப்படி விரட்டி விட்ட சந்துகளில்தான் என் நல்ல பாட்டெல்லாம் கிடைத்திருக்கிறது. எனவே மக்கருக்கு நான் அஞ்சுவதில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருமைக்குத்தான் ஷரீஃபா ஆபா வீட்டில் சோதனை வந்தது.

ஆபா என்றால் உருதுவில் அக்கா. கணக்கு டீச்சராக இருந்து ரிடையரானவர். அவருடைய மாமனார் எப்போதோ ஓர் ஏலத்தில் எடுத்த பியானோ கூடத்தில் நிற்கிறது. ஆபா முன்பெல்லாம் அதில் கொஞ்சம் வாசிப்பார், தொட்டுப் பல வருடமாயிற்று. கணவர் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் ஆபா மட்டும்தான். வெளிநாட்டில் இருக்கும் மகள் சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டு, "அம்மி, நீங்க அங்க போய் இருங்க, லிஃப்ட் இருக்கு, செக்யூரிட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டாவது மாடி. அங்கே ஆபாவுக்கு ஒருவரையும் தெரியாது. இந்த மாதக் கடைசியில் குடி போகிறார்.

பியானோவை என்ன செய்வது? ஆபா கணக்கு டீச்சர் இல்லையா, தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"நீ வந்து வாசிச்சு, ரெக்கார்டு பண்ணி, எனக்குப் போட்டுக் காட்டு. பாட்டு வருதுன்னா என்கூட வரட்டும். சத்தம்தான் வருதுன்னா மரக்காரர் எடுத்துக்கினு போவட்டும். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."

முதல் நாளே போய்த் தொட்டுப் பார்த்தேன். குரல் அற்புதம். தொண்டையில் நல்ல கனம். ஆனால் இடது பக்கம், மந்திர ஸ்தாயியில், ஆறு கட்டைகள் ஈரத்தில் ஊதிப்போயிருந்தன. அழுத்தினால் இறங்கும். ஏறாது. இறங்கின கட்டை இறங்கினபடியே நிற்க, அந்தத் தந்தி அடங்காமல் ஹூம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே கிடக்கும். மறுபடி அதே சுரம் வேண்டுமென்றால் கட்டையின் முன்விளிம்பை விரலால் நெம்பித் தூக்க வேண்டும். வாசிக்கிற கையில் அதற்கு ஏது நேரம்? சென்னையிலிருந்து ட்யூனர் வர திங்கட்கிழமை ஆகுமாம்.

அன்று சாயங்காலம் படியேறும்போது செல்வி பிடித்துக்கொண்டார். பிள்ளையார்பாளையத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். கீழே அவருடைய தறி, மேலே என்னுடைய கீபோர்டு. யார் சத்தம் அதிகம் என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

"இன்னா மிஸ், மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?"

"எல்லாம் வந்துடும் செல்வி. கோர்வைதான் இடிக்குது. அதுக்கு ரெண்டு கை பத்தல."

"எப்போ?"

"நாளைக்கு மத்தியானம். ஷரீஃபா ஆபா வீட்ல."

"சரி" என்றார். நானும் மேலே போய்விட்டேன்.

நான் சொன்ன கோர்வை, சங்கீதத்துக் கோர்வை. கணக்குப் போட்டு ஒரு தாளக்கட்டை மூன்று தரம் வாசித்து, கடைசி அடியில் டக்கென்று வந்து உட்காருவோமே... அது. முடிவை மட்டும் அப்படி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். ஒத்திகை கூடாது என்ற சட்டத்தை இது மீறுகிறதா என்று கேட்காதீர்கள். ஆபத்துக்கு விதிவிலக்கு உண்டு.

புதன்கிழமை, மத்தியான லுஹர் தொழுகை முடிந்து தெரு அடங்கியிருந்தது. மைக்கை வைத்தேன். ஆபா எதிரே நாற்காலியில், பேப்பர் திருத்துகிற முகத்தோடு உட்கார்ந்துகொண்டார். ஆறு கட்டைகளையும் தொடாமல் வாசித்துவிடலாம், இதென்ன பிரமாதம் என்று ஆரம்பித்தேன்.

இரண்டு நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் இடது கை பழக்க தோஷத்தில் கீழே இறங்கியது. ஒரு கட்டை மாட்டியது, அதைத் தூக்கப் போய் வலது கை தடுமாறியது, அதற்குள் இன்னொன்று மாட்டியது. இரண்டும் சேர்ந்து ஹூம்ம்ம். நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாவது டேக் கிடையாது என்ற சட்டமும் போயிற்று. மறுபடி நிறுத்தினேன்.

ஆபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் பெருமை போனால் போகட்டும்... இந்த அம்மாள் யாரும் தெரியாத ஊருக்கு வெறுங்கையோடு போகப் போகிறாரே என்று வருத்தமாக இருந்தது.

வாசலில் செருப்பு விடும் சத்தம். செல்வி நின்றுகொண்டிருந்தார்.

"கோர்வைக்கு ஆள் இல்லன்னீங்களே மிஸ். பாதித் தறிய அப்படியே வுட்டுட்டு வந்துக்கினு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் கோர்வை என்றால் வேறு. புடவையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோத்துக்கொண்டு போக வேண்டும். அதை ஒருவர் மட்டும் நெய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, சரியான நேரத்தில் கரைக்கான நூலைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோர்வை இடிக்கிறது, இரண்டு கை பத்தவில்லை என்று பிள்ளையார்பாளையத்தில் ஒருத்தி சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆள் அனுப்பு.

"செல்வி, அது வேற கோர்வை, இது வேற..."

"வந்துட்டேன் இல்ல? எது மாட்டிக்கினு நிக்குது, அத்த சொல்லுங்க."

காட்டினேன். ஒரு கட்டையை அழுத்தினார். நின்றது. நகத்தால் விளிம்பைத் தொட்டார். டிக். ஏறிக்கொண்டது.

"இவ்ளோதானா? தள்ளிக்குங்க. நீங்க பாட்டுக்கு அடிச்சிக்கினு போங்க, நான் எடுத்து வுட்றேன். ஒண்ணே ஒண்ணு... என் கைய திரும்பிப் பாக்காதீங்க. பாத்தா ரெண்டு பேர் கையும் நின்னுடும்."

பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன்.

முதலில் பயந்து பயந்துதான் கீழே இறங்கினேன். ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டுப் போய்த் திரும்பி வருவதற்குள் அந்தக் கட்டை தயாராக நின்றது. இன்னொன்று. அதுவும் தயார். அப்புறம் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஆறையும் சேர்த்து மொத்தினேன். டிக், டிக், டிக் என்று என் இடது பக்கத்தில் ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். செல்வி எல்லாக் கட்டையையும் உடனே எடுத்துவிடவில்லை. சிலதை விட்டு வைத்தார். அந்தச் சுரம் நீளமாக இழுத்துக்கொண்டே வர, அதன் மேல் நான் வாசித்தேன். நான் அடுத்த இடத்துக்குப் போகப் போகிறேன் என்பது எப்படித்தான் தெரிந்ததோ, அப்போது டிக். சத்தத்தைத் தொடங்குவது நான். முடிப்பது அவர். யாருடைய மனோதர்மம் இது?

நான் போட்டு வைத்திருந்த கணக்குக் கோர்வை சுத்தமாக மறந்துபோனது. கடைசியாக அடியில் ஒரு கட்டையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். செல்வி அதைத் தூக்கவில்லை. அது ஒலித்து, தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடம் வரைக்கும் போனது. அப்புறம்தான், டிக்.

பதினோரு நிமிடம். ஆபா ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முகத்தில் மார்க் எதுவும் தெரியவில்லை. கழற்றிவிட்டு, "இந்த டிக் டிக்?" என்றார்.

"அதைக் கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம் ஆபா."

"எடுக்காதே."

பியானோவின் பக்கம் திரும்பினார். "பாட்டுதான் வருது, சந்தேகமில்ல. ஆனா இதுக்கு ரெண்டு ஆள் வேணும்போல இருக்குதே. அங்க நான் ஒருத்திதானே?"

ட்யூனர் வந்தால் சரியாகிவிடும், ஒருவரே வாசிக்கலாம் என்று ஏதேதோ சொன்னேன். செல்வி எழுந்து புடவையை உதறிக்கொண்டே சொன்னார், "ஏம்மா, அம்மாம் பெரிய கட்டடத்துல எதிர் வூட்ல ஒரு ஆள் இருக்க மாட்டாங்களா? கதவத் தட்டிக் கூப்டுக்குங்க. வேலை இருக்குதுன்னு கூப்டா யாரா இருந்தாலும் வருவாங்க."

ஆபா போனை எடுத்து மரக்காரரிடம், "நாளைக்கு வர வேணாம்பா" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை ட்யூனர் வந்தார். நானும் போயிருந்தேன். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, "மேடம், கீழ ஆறு கட்டை ஜாம் ஆகி இருக்கு. ஒரு மணி நேர வேலைதான், சரி பண்ணிடலாம்" என்றார்.

"மத்ததெல்லாம் பண்ணுப்பா. அந்த ஆறை மட்டும் தொடாதே" என்றார் ஆபா.

ட்யூனர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பன்னிரண்டாவது மாடியில் எதிர் ஃபிளாட்காரர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் சரி, நகத்தை வெட்டாமல் வைத்திருங்கள்.