காதில் செருகிய சுருட்டு

பசுவின் விலாவில் காதை வைத்துவிட்டால் பொன்னுதுரை யாரோடும் பேசமாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். வால் முகத்தில் அடித்தாலும் நகரமாட்டார். நெஞ்சின் சத்தம் கேட்க மாட்டு ஆஸ்பத்திரியில் குழாய் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் சைக்கிள் கைப்பிடியில்தான் தொங்கும். "கொழாயில கேட்டா மாடு எங்கேயோ தூரத்துல நிக்கற மாதிரி இருக்கு லா" என்பார்.

வலக்காது மாட்டுக்கு, இடக்காது சுருட்டுக்கு. எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் மாடு வளர்ப்பவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, இடக்காதைத்தான் பார்க்கிறார்கள். நெஞ்சுச் சளியில் விழுந்த மாடு தேறும்வரை அதில் செருகிய சுருட்டைப் பற்றவைக்கமாட்டார். வேடிக்கை பார்க்க அவரோடு சுற்றும் நான், வேண்டுதலா என்று ஒருநாள் கேட்டேன்.

"வேண்டுதலும் இல்ல, வெங்காயமும் இல்ல. எம்மேல பொக வாசம் இருந்தா மாடு இருமும். அப்புறம் எது சீக்கு இருமல், எது சுருட்டு இருமல்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

மாட்டு டாக்டர் எழுதிக் கொடுக்கும் பெனிசிலின் ஊசியை வீடு வீடாகப் போய்ப் போடுவது அவர் வேலை. ஊசியை அவிக்கக் காலி மைலோ டின் ஒன்றைக் கூடவே கொண்டுவருவார். சமையல் சட்டி கேட்டு யாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வதில்லை. மருந்துப் புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டே மாட்டிடம் "டியாம், டியாம்" என்று மலாயில் கொஞ்சுவார். ஏன் மலாய்?

"இதெல்லாம் கம்போங் செட்டியில வளந்த மாடுங்க. தமிழ்ல சும்மா இருன்னா முழிக்கும்."

அந்தக் கிராமத்துச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து, வீட்டில் பேசுவதே மலாய் என்பது ஊரறிந்த விஷயம். மாடும் அப்படியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மெர்டேக்கா என்று நாட்டுச் சுதந்திரத்துக்குக் கட்டிய கொடிகள் இன்னும் தெருவில் நனைந்துகொண்டிருந்த வாரம், சந்திரமதியின் ஒரே கறவை மாடு மூச்சிரைத்துப் படுத்துவிட்டது. கணவனை இழந்தவள், அந்தப் பால்தான் வீட்டுக்குச் சோறு. இரண்டு ஊசியில் மாடு எழுந்து புல்லைக் கடித்தது. மூன்றாவது ஊசிக்கு வெள்ளிக்கிழமை குறுக்கே வந்தது.

"வெள்ளிக்கெழம லெட்சுமி ஒடம்புல குத்துவாங்களா? வேணாங்க. அதான் நல்லா சாப்புடுதே" என்று கொட்டகை வாசலை மறித்து நின்றாள்.

இப்படி ஒரு வெள்ளிக்கிழமைக்கு மரியாதை கொடுத்துத்தான் போன வருஷம் செங் கிராமத்தில் ஓர் எருமையைப் பறிகொடுத்தார் பொன்னுதுரை. ஊசியைப் பாதியில் நிறுத்தியதில் அடங்கிய சளி மறுபடி ஏறிவிட்டது. அந்தக் கதையை அவளிடம் சொல்லிப் பயமுறுத்தவில்லை. அவரும் வெள்ளிக்கிழமை விரதக்காரர்.

"நாட்டுக்கு மெர்டேக்கா கெடச்சிருச்சும்மா. ஒங்க மாட்டு நெஞ்சுக்கு இன்னும் கெடைக்கல. வெள்ளிக்கெழம லெட்சுமிக்கு மூச்சு முட்டலாமா, அதச் சொல்லுங்க."

சந்திரமதி மாட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பன்னா தல முழுகிட்டு வந்து தொடுங்க."

சுருட்டை என் கையில் கொடுத்துவிட்டு, காக்கி உடுப்போடு அப்படியே கிணற்றடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார் மனுஷர். சொட்டச் சொட்ட வந்து, திருநீறு பூசி, மாட்டைக் கும்பிட்டு, கழுத்துச் சதையில் ஊசியை ஏற்றினார். முடியும்வரை அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். காதைத் துடைத்துக்கொண்டு, நான் நீட்டிய சுருட்டை மறுபடி அங்கே செருகிக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் ஊசி போட்டார். திங்கட்கிழமை காலை நானும் கூடப் போனேன். விலாவில் காதை வைத்தார். முன்பக்கம் கேட்டார், பின்பக்கம் கேட்டார், அந்தப் பக்கம் சுற்றிப்போய் மறுபடி கேட்டார். சந்திரமதி பால் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் இடக்காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுதுரை நிமிர்ந்தார். கொட்டகையைவிட்டு வெளியே வந்தார். தெருவோரம் வரைக்கும் நடந்துபோய், காதிலிருந்து சுருட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே திரும்பிக் கையை நீட்டினார்.

"அம்மா, அடுப்புல நெருப்பு இருக்கா?"