கம்ப்யூட்டர் ஜாதகமும் மல்லிகா டீச்சரும்

அன்றைக்கு எங்கள் சிங்காநல்லூர் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், இருந்தவர்கள்... என் வீட்டுக்காரர், மகள் சுகந்தி, என் அண்ணன் பழனிச்சாமி, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மல்லிகா டீச்சர், அப்புறம் நான். நடுவில் பாய்மேல் கம்ப்யூட்டர் ஜாதகம். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளத் தாள், மை வாசம்கூடப் போகவில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் அது ஒரு மோகம். ஜோசியர் சொன்னால் இன்னும் நாலு பேரிடம் கேட்பார்கள். கம்ப்யூட்டர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

சுகந்தியின் பழைய ஜாதகத்தைக் கரையான் தின்றுவிட்டது. அண்ணன்தான் டவுனுக்குப் போய் இதை எடுத்து வந்தார். படிப்பு நிலைக்காது, கல்யாணத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று அதில் இருந்ததாம். கையோடு தன் மகனுக்குப் பெண் கேட்டார். பத்தாவது முடித்தவளை வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கத்தான் டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் ரூமில், துணி போர்த்திப் பொட்டு வைத்த கம்ப்யூட்டரைப் பிள்ளைகள் தொடலாம் என்றவர் அவர்.

"கம்ப்யூட்டரே சொல்லிப்போட்டுதுங்க டீச்சர். அப்புறம் என்னங்க?" என்றார் வீட்டுக்காரர்.

டீச்சர் வாதாடவில்லை. மகள் பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர் ஒண்ணு சொன்னா முதல்ல என்ன கேக்கோணும் கண்ணு?"

அழுதுகொண்டிருந்தவள் முகத்தைத் துடைத்தாள். "அதுக்கு என்ன குடுத்தாங்கன்னு கேக்கோணுங்க..."

"கேளு."

"ஏனுங்க மாமா, நான் பொறந்த நேரம் என்னன்னு சொன்னீங்க?"

"விடியக்காலம் ஆறு மணின்னு..."

நான் குறுக்கே பேசினேன். "சாயங்காலமுங்களேண்ணா."

"மறந்துபோட்டேன் அம்மணி."

வீட்டுக்காரர் தாளைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "திங்கக்கெழம பள்ளிக்கூடம் போ கண்ணு" என்றார். அவ்வளவுதான். சுகந்தி படித்தாள், வேலைக்கும் போனாள்.

அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கே ஒரு கம்ப்யூட்டர். அதனிடம் என்ன கேட்பது என்று சொல்லித்தர ஒரு டீச்சர் இருந்தார். இன்றைக்கு ஆளுக்கொன்று கையில் இருக்கிறது. "போன்லயே போட்டிருக்குங்க அம்மிச்சி" என்கிறாள் பேத்தி. யார் போட்டது, எதை வைத்துப் போட்டது... கேட்கச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்களா, தெரியவில்லை.

சுகந்தி அவள் மாமனிடம் பேசுகிறாள். வீட்டுக்காரரும் கண்மூடும்வரை பேசினார். ஆனால் அவள் பிறந்த அன்று, மில்லில் சாயங்காலச் சங்கு ஊதும்போது, மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடியதே அந்த மாமன்தான். அந்த நேரமா மறக்கும்?

நான் மன்னிக்காதது ஒரே ஒருவரை. என் கூடப்பிறந்த அண்ணன், பழனிச்சாமி.