மூன்று டிவிகளும் ஒரு மஞ்சள் கோடும்

நான் தனிக்கட்டை. ஜெர்மனியின் வடக்கே ஒரு சிற்றூரில், மூன்றாவது மாடியில், ஒன்றரை அறை வீட்டில் இருக்கிறேன். அரை அறை என்பது என்ன கணக்கு என்று உங்களுக்குத் தோன்றும். கட்டிலைப் போட்டால் கதவு முழுசாகத் திறக்காத அறைக்கு இங்கே அப்படிப் பெயர். சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. விருந்தாளி என்று கடைசியாக வந்தவர் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர்தான். அப்படிப்பட்ட வீட்டில் ராத்திரி காபியோடு உட்கார்ந்து டிவியைப் போட்டால், முந்தின ராத்திரி நான் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நிறுத்தி வைத்த கூத்து நாலரை மணி நேரத்திலிருந்து ஓடுகிறது. கட்டியக்காரன் யாரையோ கிண்டல் செய்து முடித்துவிட்டான், கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கிறது, என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. முதல் முறை நடந்தபோது சத்தியமாகச் சொல்கிறேன், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை, எல்லாம் என் சோம்பேறித்தனம். கட்டடத்தின் கெல்லரில், அதாவது நிலவறையில், எனக்கென்று ஒதுக்கிய கம்பிக் கூண்டுக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரை சர்வராக ஓடவிட்டிருக்கிறேன். எங்கள் ஊர் அம்மன் கோவில் கூத்து, திருவிழா, சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோ, பழைய படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. போன முறை லீவுக்கு வந்தபோது நைனார்பாளையத்தில் அப்பா வீட்டு டிவிக்கு ஒரு சின்னப் பெட்டியைச் செருகி இந்த சர்வரோடு இணைத்துவிட்டேன். இனிமேல் மகன் அனுப்பும் படத்தை அப்பா பார்ப்பார், மகன் நேரில் வரவேண்டிய அவசரமில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. திருக்கோவிலூரில் பெரியப்பாவின் மகள் மலரக்கா, “தம்பி, எங்க வூட்டு டிவிக்கும் அத்தப் போட்டு வுடேன், அப்பாவுக்குப் பொழுது போவ மாட்டேங்குது” என்றாள். அங்கேயும் ஒன்றைச் செருகினேன். ஆளுக்கொரு கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். யார் உட்கார்ந்து செய்வது என்று மூன்று டிவிக்கும் ‘குடும்பம்’ என்று ஒரே பெயரைக் கொடுத்துவிட்டேன். இந்தப் பெட்டிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எந்த ஊரில் எந்த நிமிடத்தில் நிறுத்தினாலும் சர்வர் ஞாபகம் வைத்துக்கொண்டு மற்ற டிவிகளுக்கும் சொல்லிவிடும். படத்தின் அடியில் ஒரு மஞ்சள் கோடு, இதுவரை பார்த்தாயிற்று என்று. ஒரே பெயரில் மூன்று பேர் பார்த்தால் மூன்று பேருக்கும் அந்த ஒரே கோடுதான்.

இதில் என்ன பெரிய சிக்கல் என்றால், அப்பாவும் பெரியப்பாவும் பேசி பதினொரு வருடம் ஆகிறது. கூட்டுக் கிணறு. ஒரு நாள் எங்கள் முறை, ஒரு நாள் அவர்கள் முறை. பெரியப்பா முறையன்று கரண்ட் போனது. மறுநாள் காலை அவர் மோட்டாரைப் போட்டு ஒரு மணி நேரம் தன் மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சினார். அப்பா நேரே போய் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த ப்யூஸ் கட்டை இன்றைக்கும் எங்கள் பரண்மேல் இருக்கிறது. பிறகு பெரியம்மா இறந்து, பெரியப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டு மகளோடு திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்தார். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். எங்கள் வீட்டில் அது ஜெர்மனியைவிடத் தூரம்.

பெட்டி வைத்த இரண்டாவது வாரம் அப்பா போன் செய்தார். “இன்னாடா பொட்டி இது? நான் வுட்ட எடத்துல நிக்கவே மாட்டேங்குது. நேத்து ராஜா வேஷம் வர்றதுக்கு முன்னாடி நிறுத்தனேன். காத்தால பாத்தா வேஷமே கலச்சிட்டானுங்க.”

நெட் சரியில்லை என்று புளுகினேன். கல்வராயன் மலைப் பக்கம் மின்னினாலே எங்கள் ஊரில் நெட் போய்விடும் என்பதால் அது எப்போதும் கைகொடுக்கும் பொய். ஒரு மாதம் ஓடியது. அம்மாவுக்கு வாயில் எதுவும் நிற்காது, பெரியப்பா வீட்டிலும் அதே பெட்டிதான் ஓடுகிறது என்று மலரக்கா போனில் சொன்னதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் வேலையிடத்தில், மதிய இடைவேளையில், சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடி சர்வரின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கூத்தைக் கடைசிவரை தள்ளி மங்களம் பாடவைத்துவிட்டு நிறுத்துவார். கால் மணி நேரத்தில் திருக்கோவிலூரிலிருந்து அது தொடக்கத்துக்கு இழுக்கப்படும். அப்பா மறுபடி தள்ளுவார். எழுபதைத் தொட்ட இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு மஞ்சள் கோட்டின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், என் சர்வர் நடுவில் திணறியது.

ஒரு நாள் கெல்லரில் அதன் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு யூர்கன் வந்தார். ஓய்வு பெற்றவர், சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்திருந்தார். பெட்டி ஏன் இவ்வளவு உறுமுகிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். என் அப்பாவும் அவர் அண்ணனும் பதினொரு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை என்றேன்.

யூர்கன் முகம் மலர்ந்தது. “ஸேர் குட்! ரொம்ப நல்லது! எனக்கும் என் எதிர்வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். பத்தொன்பது வருடம். ஒரு தொந்தரவும் கிடையாது.”

சண்டையா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. “எதற்குச் சண்டை? அவர் பெயர்கூட எனக்குத் தெரியாதே.” பிறகு, தனித்தனிக் கணக்கு கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இங்கே பேசாமலிருப்பது என்றால் சும்மா பேசாமலிருப்பது, செலவில்லாத காரியம். எங்கள் ஊரில் அது முழுநேர உத்தியோகம். நாம் பேசாத ஆள் எந்தக் கடையில் டீ குடிக்கிறார், எந்த சாவுக்கு எத்தனை மணிக்கு வருவார், எந்தத் தெரு வழியாகத் திரும்புவார் என்று எல்லாம் தெரிந்தால்தானே அவர் எதிரில் படாமல் நடக்க முடியும்? அப்பாவைப் போல பெரியப்பாவை அறிந்தவர் உலகத்தில் யாருமில்லை.

உறைத்து என்ன பயன்? அன்று மாலையே அப்பா, “அவுருக்கு வேற, எனக்கு வேறன்னு பிரிச்சி வுட்றா. ரோதன ஜாஸ்தியா கீது” என்று கத்தினார். பிரித்தேன். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, நிலத்தை அளக்கச் சங்கிலி இல்லை, நாலே நிமிடத்தில் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டேன். ‘அப்பா’ ஒன்று, ‘பெரியப்பா’ ஒன்று, ‘நான்’ ஒன்று. இனி அவரவர் கோடு அவரவருக்கு. ஊரில் இருபது வருடம் கோர்ட்டுக்கு நடப்பதை உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட்டோமே என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. கூடவே இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

அதோடு அப்பாவின் டிவி நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், அவர் கோடு ஒரு நிமிடம்கூட நகரவில்லை. நெட்டைச் சோதித்தேன், சர்வரை அணைத்துப் போட்டேன், வயரை மாற்றச் சொன்னேன், புதுப் பெட்டியே அனுப்புகிறேன் என்றேன். “ஒன்னும் வாணாம். போரடிக்குது” என்றார். கூத்தென்றால் உயிரை விடுகிற மனிதருக்கு என்ன வந்தது என்று அம்மாவைக் கேட்டேன்.

“முன்னல்லாம் பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி டிவியப் போட்டு உங்க பெரியப்பா எங்க வுட்டாருன்னு பாப்பாருடா. ‘பரவால்ல, ரெண்டு மணி நேரம் ஒக்காந்துகினு இருந்திருக்கான்’னுவாரு. இல்லன்னா, ‘இன்னா இது, பத்து நிமிஷத்துல வுட்டுட்டான், சளி புடிச்சிகிச்சா’ன்னு என்னியப் போட்டுத் தொளைப்பாரு. இப்ப இன்னாத்தப் பாக்கறது?”

நான் நெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்!

அடுத்த மாதம் எலவனாசூர்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்பாவிடம், “அண்ணன் இப்ப எப்படிங்க இருக்காரு?” என்று கேட்டிருக்கிறார். அப்பா விஷயம் தெரிந்தவர் மாதிரி, “இப்ப தேவலாங்க” என்று சொல்லியிருக்கிறார். மூச்சுவாங்கி பெரியப்பா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது, இலையில் பாயசம் ஊற்றும்போது அந்த ஆள் மேலே பேசியதில்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. தன் தம்பிக்குச் சொல்லக்கூடாது என்று மலரக்காவிடம் பெரியப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். கல்யாண மண்டபத்து வாசலில் நின்றே அப்பா எனக்குப் போன் போட்டார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

“பாகம் நீ நல்லாதான்டா பிரிச்ச” என்றார். “அவன் படுத்துக் கெடந்தது எனக்குத் தெரியாமப் பூட்ச்சி.”

பதினொரு வருடத்தில் அவர் பெரியப்பாவுக்காகக் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. மறுநாள் அம்மா இளநீரோடு திருக்கோவிலூர் போனாள். அப்பா துணைக்குப் போனார், அந்த ஊர் பஸ் ஸ்டாண்டு வரை. அங்கேயே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அம்மாவோடு திரும்பிவிட்டார். மனுஷனை என்ன செய்வது?

அன்றே பிரித்ததைச் சேர்த்தேன். மூன்று டிவியும் மறுபடி ‘குடும்பம்’. சனிக்கிழமை சர்வர் பக்கத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். திருக்கோவிலூரில் கூத்து தொடக்கத்திலிருந்து ஓடியது, பதினோராம் நிமிடத்தில் நின்றது. பெரியப்பாவுக்கு அவ்வளவுதான் முடிந்திருக்கும். சிறிது நேரத்தில் நைனார்பாளையம் விழித்தது. அப்பா தள்ளவில்லை, இழுக்கவில்லை. பதினோராம் நிமிடத்திலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி பதினொன்றுக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு அணைத்தார். அண்ணன் விட்ட இடத்திலிருந்தே அடுத்துப் பார்க்கட்டும் என்று. இன்றுவரை இருவரும் பேசவில்லை. யாரும் சேர்த்துவைக்கவும் வேண்டாம், நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இவ்வளவு நாளும் கெல்லரில் சர்வரை வைத்துக்கொண்டு இந்த இரண்டு கிழவர்களையும் மேய்ப்பது நான்தான் என்று நினைத்திருந்தேன். போன மாதம் எனக்குக் காய்ச்சல். வியாழனிலிருந்து படுக்கை. எழுந்து கதவைத் திறக்கவில்லை, குப்பை கொண்டுபோய்ப் போடவில்லை. கட்டடத்தில் யாரும் கதவைத் தட்டவில்லை. தட்டமாட்டார்கள், ஒரு தொந்தரவும் தராத நல்ல குடித்தனக்காரன் நான். ஞாயிறு மதியம் போன் அடித்தது. அப்பா.

“ஒடம்புக்கு இன்னாடா?”

ஒன்றுமில்லையே, யார் சொன்னது என்றேன், குரலைத் தேற்றிக்கொண்டு.

“யார் சொல்லணும்? மூணு நாளா ராவுல கோடு நவுரவே இல்ல. பகல்ல நவுந்தா உங்க பெரியப்பன், ராவுல நவுந்தா நீ. ரெண்டு வருசமா பாத்துக்கினுதானே கீறேன்.”

மாத்திரை போட்டேன், கஞ்சி குடித்தேன் என்று எதை எதையோ சொல்லிப் போனை வைத்தேன். சாயங்காலம் போர்வையோடு எழுந்து டிவி முன் உட்கார்ந்தேன். தலை விண்ணென்று தெறித்தது, கூத்தில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்றே புரியவில்லை. கோடு இருபது நிமிடம் நகரும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். நைனார்பாளையத்தில் இன்னும் ஆறு மணி நேரத்தில் பொழுது விடியும்.